மல்பெரிக்கு ஊற்றிய தண்ணீர்

சசோன் என்ற பெயருக்கு ஆனந்தம் என்று பொருள். வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ஐம்பத்தொன்பது வயதில் அந்த மனிதர் முகத்தில் ஆனந்தத்தைப் பார்த்தவர் எருசலேமில் ஒருவரும் இல்லை. பக்கத்தில் எங்கோ எலி செத்துக் கிடப்பது போல எந்நேரமும் மூக்கைச் சுளித்துக்கொண்டே நடப்பார். நஹ்லாவோத் சந்துகளில் ஒன்றில், குர்திஸ்தானிலிருந்து வந்தவர்கள் கட்டிய சின்ன ஜெப ஆலயத்துக்கு அவர் ஷமாஷ். கதவைத் திறப்பது, விளக்கேற்றுவது, புத்தகங்களை அடுக்குவது, தரையைக் கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு. பதினேழு வருடமாக அதுதான் பிழைப்பு.

ஆலயத்தின் முற்றத்தில் ஒரு மல்பெரி மரம் நின்றது. அதை நினைத்தாலே சசோனுக்கு வயிற்றைப் புரட்டும்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த மரம் பண்ணுகிற அசிங்கம் கொஞ்சநஞ்சமில்லை. பஸ்கா பண்டிகை முடிந்த கையோடு பழம் கொட்ட ஆரம்பிக்கும். கறுப்புப் பழம், தொட்டாலே கூழாகிவிடும். வெள்ளைக் கல் பாவிய முற்றம் முழுக்க ஊதாச் சேறு. அதன்மேல் ஈ, குளவி. பழந்தின்னி வௌவால்கள் வந்து தின்றுவிட்டு, தின்றதைச் சுவரெல்லாம் தெளித்துவிட்டுப் போகும். தொழ வருகிற பெருமக்கள் அதையெல்லாம் மிதித்துக்கொண்டு, வேதச் சுருள் வைத்திருக்கும் பேழை வரைக்கும் ஊதா அடிச்சுவடு பதித்துப் போவார்கள். ஒருத்தராவது வாசலில் காலைத் துடைக்க வேண்டுமே. பக்தி அவ்வளவு அவசரப்படுத்துகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஓய்வுநாள் தொடங்குமுன், சசோன் கழுவ இறங்குவார். உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டி, ரப்பர் தள்ளியால் வாசலுக்குத் தள்ளி, பிறகு முற்றத்துக்கு வருவார். ஊதாக் கறைக்கு வெறும் தண்ணீர் போதாது. பிளீச்சை அப்படியே கல்லின்மேல் ஊற்றி, முட்டி தேயத் தேய்த்து, அந்த அழுக்கு நுரையை மரத்தடிக் குழிக்குள் தள்ளிவிடுவார். சாக்கடைத் துளை தெருவாசல் பக்கம் இருந்தது. அவ்வளவு தூரம் யார் தள்ளுவது? குழி பக்கத்திலேயே இருந்தது. கடைசி வாளியையும் அதிலேயே கவிழ்த்துவிட்டு, "குடி" என்பார். ஒவ்வொரு வெள்ளியும் அந்த ஒரு வார்த்தை. அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு ஓய்வுநாள் வரும்.

"உனக்குப் புடிச்சது இந்த லோகத்துல ஒண்ணாவது இருக்கா?" என்று மனைவி தமார் கேட்பாள்.

"இருக்கு. கழுவின தரை."

மரத்தின்மேல் இவ்வளவு குமட்டல் இருந்தாலும், அதைவிடப் பெரிய குமட்டல் ஒன்று அவருக்கு உண்டு. அதற்கு அமத்ஸியா என்று பெயர். டைல்ஸ் கடைக்காரர், ஆலயக் கமிட்டியின் தலைவர். சூரியகாந்தி விதையைக் கொறித்து, ஈரத் தோலை முற்றத்தில் துப்பிக்கொண்டே பேசுவார். எச்சில் தொட்டுத்தான் ஜெபப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவார். குளிர்காலத்தில் மரங்களின் புத்தாண்டு வந்தால் மல்பெரியின் கீழே மேசை போட்டு, பேரீச்சை, அத்தி, மாதுளை என்று பதினைந்து வகைப் பழம் பரப்பி, கையைத் தூக்கி ஒரு பிரசங்கம் செய்வார்.

"மனுஷன் வயல் மரம். வேதத்துல எழுதியிருக்கு. மரத்துக்கு வேர், நமக்கு விசுவாசம். மரத்துக்குக் கிளை, நமக்குப் பிள்ளைங்க. மரத்துக்குப் பழம், நமக்கு நற்செயல்."

பேசிக்கொண்டே பேரீச்சம்பழத்தைச் சப்பி, கொட்டையை எல்லாருக்கும் பொதுவான தட்டிலேயே போடுவார். சசோன் அந்தக் கொட்டைகளைக் காகிதம் வைத்துப் பொறுக்குவார். பொறுக்கும்போது வாந்தி தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

"தலைவரே, அது அப்படி இல்ல," என்றார் போன குளிர்காலத்தில் எல்லார் முன்னாலும். அவருக்கும் வேதம் தெரியும். ஷமாஷ் என்றால் துடைப்பம் மட்டும் பிடித்தவன் என்று நினைப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "அது பாராட்டு இல்ல, கேள்வி. சண்டையில ஒரு ஊரை முற்றுகை போட்டா அங்க இருக்கிற பழ மரத்தை வெட்டாதேன்னு வருது. அடுத்த வரிதான் நீங்க சொல்றது. வயல் மரம் என்ன மனுஷனா, உன்னைக் கண்டு ஊருக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்க? உனக்கும் அதுக்கும் என்ன பகை? இதுதான் அர்த்தம். பெரியவங்க உரை எழுதி வெச்சிருக்காங்க."

"வேற பெரியவங்க வேற மாதிரியும் எழுதியிருக்காங்கப்பா. மனுஷன் உயிர் மரத்தை நம்பியிருக்கு, அதனால மனுஷன் மரம்தான்னு."

"எழுதியிருக்காங்க. ஆனா அவங்க பேரீச்சங்கொட்டையைத் தட்டுல துப்பிக்கிட்டு எழுதல."

சிலர் சிரித்தார்கள். அமத்ஸியாவும் சிரித்தார். அவர் சிரிப்புதான் சசோனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வேதத்தின் எபிரெய மூலத்தில் கேள்விக்குறி கிடையாது. எந்தக் குறியுமே கிடையாது. ஒரே வரியை ஒருத்தன் கேள்வியாக வாசிப்பான், இன்னொருத்தன் முடிவாக வாசிப்பான். அமத்ஸியா முடிவாக வாசித்ததற்குக் காரணம் இருந்தது. ஆலயத்தை ஒட்டி ஒரு பெரிய கூடம் கட்ட அவர் திட்டம் போட்டிருந்தார். கூடத்துச் சுவரில் ஒரு பித்தளை மரம். நன்கொடை கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை இலை, இலையில் பேர். அடிமரத்தில் "மனிதன் வயல் மரம்" என்று பெரிய எழுத்து. ஆர்டர் கொடுத்துச் செய்தும் வந்துவிட்டது. பெண்கள் பகுதியில் பிளாஸ்டிக் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். கூடம் வர வேண்டிய இடத்தில்தான் உயிருள்ள மரம் நின்றது. பித்தளை மரத்துக்காக அதை வெட்ட வேண்டும். கருமம், இதைவிட அசிங்கமாக ஒன்றை யோசிக்க முடியுமா?

பழ மரத்தைச் சும்மா வெட்டக் கூடாது என்பது சட்டம். வெட்டினவன் வீட்டுக்கு ஆகாது என்ற பயமும் உண்டு. கவ் என்று ஒரு பழைய அளவு, ஏறக்குறைய ஒரு படி. வருடத்துக்கு அந்த அளவுகூடப் பழம் தராத மரமென்றால் வெட்டலாம். அந்தப் பிரசங்கம் முடிந்த வாரமே அமத்ஸியா சசோனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெட்டலாமா கூடாதான்னு தீர்ப்பு சொல்ல ரபி நெத்தனேல் வந்து பாக்கப்போறாரு. உன்னைத்தான் கேப்பாரு. பழம் ஒரு கவ் தேறாதுன்னு சொல்லிடு. உனக்கும்தானே நிம்மதி."

"ஒரு கவ்வா? வருஷத்துக்கு நாப்பது வாளி வாரிக் கொட்டறேன். என் முதுகைக் கேளுங்க, அது சொல்லும்."

"உனக்கு அந்த மரத்தைப் புடிக்காதுன்னு நினைச்சேன்."

"புடிக்காது. அதுக்காகப் பொய் சொல்ற அளவுக்கு அது எனக்கு உறவு இல்ல."

அத்தோடு விஷயம் நின்றது. வசந்தம் வந்தது. தெருவில் இருந்த மல்பெரிகள் எல்லாம் பச்சைக் குடை பிடித்தன. முற்றத்து மரத்தில் தெற்குப் பாதி இலையே விடவில்லை. வடக்குப் பாதியில் வந்த இலையும் ஓரம் கருகிச் சுருண்டது. பழம் பிஞ்சிலேயே உதிர்ந்து, காய்ந்த புழு போலக் கல்லில் கிடந்தது. ஊதாச் சேறு இல்லை, குளவி இல்லை. முற்றம் சுத்தமாக இருந்தது. பதினேழு வருடம் கேட்டது கிடைத்த மனிதர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சசோனுக்கு இரண்டு வாரம் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"விஷம் வெச்சுட்டான்," என்றார் மனைவியிடம். "நான் பொய் சொல்லல, அதனால மரத்தையே பொய் சொல்ல வெச்சுட்டான்."

"பாத்தியா நீ?"

"பாக்கணுமா? வாயைப் பாத்தாலே தெரியலையா?"

அடுத்த ஓய்வுநாள் காலை ஜெபம் முடிந்து, அவித்த முட்டையும் அரக் சாராயமுமாக எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றபோது, சசோன் வாய்விட்டே கேட்டுவிட்டார். அமத்ஸியா கோப்பையைக் கையில் பிடித்து ஆசி சொல்லி முடித்த நேரம்.

"மரத்துக்கு விஷம் ஊத்தின கையாலயே கோப்பையையும் தூக்கறீங்களே தலைவரே, கை கூசலையா?"

இருபது பேர் வாயில் முட்டையோடு நின்றார்கள். அமத்ஸியாவின் முகம் வெளுத்தது.

"நானா? நான் அந்த மரத்துக்கிட்டயே போனதில்லையே."

"போக வேண்டியதில்ல. ஆள் வெச்சும் ஊத்தலாம்."

"சசோன், நான் ஆயிரம் தப்பு பண்ணியிருப்பேன். இதைப் பண்ணல."

"ரபி வரட்டும். மண்ணைத் தோண்டிப் பாப்போம். மண்ணு பொய் சொல்லாது."

இதைச் சொன்னதும் அவருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. ஆலயத்தில் பாதிப் பேர் அன்றிலிருந்து அமத்ஸியாவுக்குக் கைகொடுக்கவில்லை. இன்னொரு பாதி சசோனுக்குக் கைகொடுக்கவில்லை. ரபி வருவது வாரங்களின் பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. மரங்களின் பழத்துக்கு வானத்தில் தீர்ப்பு எழுதப்படுகிற பண்டிகை அது. சசோன் அந்த வியாழனை, கல்யாண வீட்டுக்காரன் நாள் எண்ணுவது போல எண்ணினார்.

அந்த வியாழன் பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. பண்டிகைக்காக ஆலயத்தைப் பச்சை இலைகளால் அலங்கரிப்பது வழக்கம். பெண்கள் கொத்துக் கொத்தாகக் கிளைகளைக் கொண்டுவந்து கதவில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாகிற மரத்துக்கு எதிரே, எங்கெங்கோ ஒடித்த கிளைகள். சசோன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரபி நெத்தனேல் ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். கூட ஹதாஸ் என்று ஒரு பெண்ணை அழைத்துவந்திருந்தார். மரங்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவள் தொழில். முட்டியில் மண் ஒட்டிய கால்சட்டை, இடுப்பில் சின்ன மண்வெட்டி. ரபி மரத்தைச் சுற்றி வந்து, கீழே கிடந்த பிஞ்சுகளை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார்.

"இந்த வருஷம் ஒரு கவ் தேறாது," என்றார். "ஆனா இடம் வேணும்ங்கிறதுக்காகவே வெட்டலாம்னு சொன்ன பெரியவங்களும் உண்டு. எனக்கு அதுக்குத் துணிவு வரல. அதனால நான் பாக்க வேண்டியது ஒண்ணுதான். மரம் தானா காஞ்சுதா? தானா காஞ்சுதுன்னா எழுதிக் குடுத்துடறேன், வெட்டிக்குங்க."

"தோண்டச் சொல்லுங்க," என்றார் சசோன். அமத்ஸியாவைப் பார்த்தே சொன்னார்.

ஹதாஸ் பட்டையை நகத்தால் சுரண்டினாள். தெற்குப் பக்கம் பழுப்பு. வடக்குப் பக்கம் மெல்லிய பச்சை. "பாதி உயிரோட இருக்கு," என்றாள். பிறகு குழியில் மண்டியிட்டுத் தோண்டினாள். ஒரு சாண் ஆழம் போனதும் மண்ணைக் கையில் அள்ளி மோந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"ஒரு புழு இல்ல. ஒரு எறும்பு இல்ல. மண்ணு வெள்ளையா பொரிஞ்சு கிடக்கு. களைக்கொல்லி வாசனை இல்ல இது." இன்னொரு தடவை மோந்தாள். "நீச்சல்குளத்து நாத்தம். பிளீச்சு. ஒருநாள் ரெண்டுநாள் ஊத்தினது இல்ல, வருஷக்கணக்கா ஊத்தியிருக்கு. யார் இங்க பிளீச்சு ஊத்தறது?"

சசோன் குனிந்து தன் கையைப் பார்த்தார். விரல் நகங்களின் ஓரத்தில் தோல் வெளுத்து உரிந்திருந்தது, வருடக்கணக்காக அப்படித்தான் இருக்கிறது. மோந்து பார்க்கத் தேவையில்லை. அந்த வாசனை அவருடைய சட்டையில், ரொட்டியில், தலையணையில் எல்லாம் இருந்தது. அதைத்தான் அவர் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ரபி குழியின் அந்தப் பக்கம் ஹதாஸிடம் ஏதோ கேட்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து அமத்ஸியா அருகில் வந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. டைல்ஸ் வியாபாரிக்குத் தெரியாதா, தரை கழுவின தண்ணீர் எங்கே போகும் என்று. வியர்த்த கையை சசோனின் தோளில் வைத்தார். ஈரம் சட்டையைத் தாண்டித் தோலில் பட்டது.

"கவலைப்படாதப்பா," என்றார் மெதுவாக. விதை வாசனை அடித்தது. "நான் ஒண்ணும் பேச மாட்டேன். யாரோ எவரோ, பக்கத்து வீட்டுத் தண்ணி. தெரியலைன்னு சொல்லிடு. எல்லாரு முன்னாலயும் நீ என்னை என்ன சொன்னேங்கறதை நான் மறந்துட்டேன். நீயும் மறந்துடு. நாம ஒரே ஆலயத்து ஆளுங்க, என்ன? எனக்குக் கூடம் வரும், உனக்கு முற்றம் சுத்தமாகும்."

கெட்ட மனிதர் கெட்டதாகப் பேசியிருந்தால் சசோன் சமாளித்திருப்பார். இவர் அன்பாகப் பேசினார். உண்மையாகவே இரக்கப்பட்டார், பாவி. தட்டில் கொட்டை துப்புகிற அந்த வாய் தன்னைக் காப்பாற்ற வந்திருக்கிறது. தோளில் இருந்த அந்தக் கையும் தன் கையும் ஒன்று என்று தோன்றியபோது சசோனுக்கு வாய் நிறைய எச்சில் ஊறியது. இத்தனை வருடம் அமத்ஸியாவைப் பார்த்துக் குமட்டியது இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

"சசோன்," என்று கூப்பிட்டார் ரபி. "தினம் இங்க இருக்கறவர் நீங்க. நீங்க சொன்னா போதும். யார் ஊத்தினதுன்னு தெரியுமா? தெரியலைன்னா, தானா காஞ்சதாதான் நான் எடுத்துக்கணும்."

கதவில் இலை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமாரும் அதில் இருந்தாள். தெரியலை என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். மரம் போய்விடும். முற்றம் பளிங்காக இருக்கும். இருபது பேர் முன்னால் ஒருவனை விஷம் வைத்தவன் என்று சொன்னது யாருக்கும் நினைவிருக்காது.

சசோன் தோளிலிருந்து அந்தக் கையை எடுத்து விட்டார்.

"நான்தான்," என்றார். "தலைவர் இல்ல. தலைவரை நான் எல்லாரு முன்னாலயும் சொன்னது பொய். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான்தான் ஊத்தினேன்."

இலைக்கொத்து ஒன்று தமாரின் கையிலிருந்து கீழே விழுந்தது.

"மரம் சாகும்னு தெரிஞ்சு ஊத்தினீங்களா?" ரபி கேட்டார்.

சசோன் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லத்தான் திறந்தார். பிளீச் மரத்தைக் கொல்லும் என்று அவர் ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை. ஆனால் அந்த "குடி" நாக்கிலேயே நின்றது.

"தெரியாது ரபி. ஆனா நல்லாயிருன்னு சொல்லி ஊத்தல. கசப்போட ஊத்தினேன். அது செத்திருந்தா அன்னைக்கு எனக்குத் தூக்கம் வந்திருக்கும்."

ரபி கையிலிருந்த பிஞ்சுகளைக் குழியின் ஓரத்தில் மெதுவாக வைத்தார்.

"மனுஷன் கையால காஞ்சதைத் தானா காஞ்சதுன்னு நான் எழுத முடியாது. பாதி உயிர் வேற இருக்கு. வெட்ட வேண்டாம்." பிறகு அமத்ஸியாவிடம், "உங்க கூடம் வேற பக்கம் பாத்துக்குங்க," என்றார். அமத்ஸியா சசோனை ஒரு பார்வை பார்த்தார். கோபம்கூட இல்லை அதில். இப்படியும் ஒரு மடையன் உண்டா என்ற ஆச்சரியம்தான்.

போகும்போது ரபி சசோனின் பக்கத்தில் நின்றார். "நீங்க மரங்களோட புத்தாண்டுல ஒரு வரிக்கு அர்த்தம் சொன்னதா கேள்விப்பட்டேன். கேள்வின்னு சொன்னீங்களாமே."

"ஆமா."

"நானும் அப்படித்தான் படிக்கிறேன்," என்றார் ரபி. தெருவாசலை நோக்கி நடந்தார்.

மரம் என்ன மனுஷனா, உன்னைக் கண்டு ஓடறதுக்கு? கொட்டை பொறுக்கிக்கொண்டே எவ்வளவு எகத்தாளமாகச் சொன்னோம் என்று சசோன் நினைத்தார். ஒரு நாயின்மேல் ஊற்றியிருந்தால் முதல் வாளியிலேயே கத்திக்கொண்டு ஓடியிருக்கும். பூனை பிராண்டியிருக்கும். அமத்ஸியா வழக்குப் போட்டிருப்பான். இது நின்றது. வெள்ளிக்கு வெள்ளி குடி என்றார், குடித்தது.

ஹதாஸ் வழி சொல்லிவிட்டுப் போனாள். வெந்த மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, தினம் இருபது வாளி நல்ல தண்ணீர், கோடை முழுக்க. வடக்குப் பாதி பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். மத்தியான வெயிலில் சசோன் தனியாக மண்ணை அள்ளினார். தமார் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளும் ஒரு கூடையை எடுத்தாள்.

மண் அள்ளி முடிந்ததும் அவர் குழாயில் வாளியைப் பிடித்தார். பதினேழு வருடத்து வாளி. நிரம்பியதும் மரத்தடிக்குத் தூக்கி வந்து, கவிழ்க்கப் போனவர் நின்றார். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டார். விட்ட வேகத்தில் துப்பினார். வாளியே நாறியது, பிளாஸ்டிக்குக்குள் ஊறிப்போன நாற்றம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, கழுவி வைத்த வெள்ளைக் கல்லின்மேலேயே வாந்தி எடுத்தார்.

"உள்ள போய்ப் படு," என்றாள் தமார். "நான் பாத்துக்கறேன்."

"வீட்ல மாவு பிசையற பாத்திரம் ஒண்ணு இருக்குல்ல," என்றார் சசோன் வாயைத் துடைத்துக்கொண்டு. "அதை எடுத்துட்டு வா. அதுலதான் இனிமே ஊத்தணும்."

அவள் போனாள். சசோன் வாந்தியைக் கழுவவில்லை. குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, பாத்திரம் வரட்டும் என்று காத்திருந்தார்.